கிணற்றடிக் கறுப்புப் பழம் மணத்தக்காளிதானா?

கேள்வி: பல்லடம் பக்கம் ஒரு பழைய தோட்டத்து வீட்டை வாங்கி, ஆடி கழிந்ததும் குடிவந்தோம். மழைக்குப் பிறகு நாங்கள் வைக்காத செடியெல்லாம் முளைத்துக் காய்த்துக் கிடக்கிறது. கிணற்றடியில் கறுப்பாகக் குலை குலையாகச் சிறு பழம். அத்தை அதை மணத்தக்காளி என்று பறித்து வத்தல் போடுகிறார். நான் போனில் செடி கண்டுபிடிக்கும் ஆப்பில் காட்டினேன். 'டெட்லி நைட்ஷேட், கொடிய விஷம்' என்று வந்தது. அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. கிளுவை வேலியில் வெள்ளைக் கோடு போட்ட சிவப்புப் பழம். அது கோவைப்பழம் என்கிறார் அத்தை. வாசல் ஓரம் மஞ்சள் மணி மணியாகத் தொங்கும் ஒன்று. அதில் ஒன்றை என் ஐந்து வயது மகன் போன வாரம் கடித்துவிட்டுத் துப்பிவிட்டான், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் காகிதக் கூடு மாதிரி ஒன்றுக்குள் ஒரு பழம். இன்னொன்று பொடிசாக, சிவப்பாக. எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது. குருவியெல்லாம் தின்கிறதே, நாமும் தின்னலாமா? எதைப் பிடுங்க வேண்டும், எதை விடலாம்?
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்: முதலில் மகன் விஷயம். கடித்துத் துப்பி ஒரு வாரம் ஆகிவிட்டது, பையன் வழக்கம்போல ஓடியாடுகிறான் என்றால் அந்தப் பழத்தால் இனி ஒன்றும் வராது. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் செடியை என்ன செய்வது என்பது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது வீட்டுச் சண்டை. இதில் அத்தை பக்கம்தான் தீர்ப்பு. கிணற்றடியில் இருப்பது மணத்தக்காளி. ஆனால் நீங்கள் தட்டில் வைத்த கறுப்பு உருண்டைகளைப் பார்த்து நான் இதைச் சொல்லவில்லை. அந்தத் தட்டுப் படம் மட்டும் வந்திருந்தால் 'தெரியாது, தொடாதீர்கள்' என்றுதான் எழுதியிருப்பேன். கறுப்பாக, பளபளப்பாக, பட்டாணியை விடச் சற்றே சிறிதாக இருக்கும் பழம் எத்தனையோ செடியில் உண்டு. கறிவேப்பிலை மரத்தின் பழம் அப்படித்தான் இருக்கும். உண்ணிச்செடியின் பழமும் அப்படித்தான். கொடிப்பசலைப் பழமும் தூரத்தில் அதே கறுப்பு. என்னைக் காப்பாற்றியது உங்கள் ஸ்கிரீன்ஷாட். அதில் ஆப் போட்ட சிவப்பு எச்சரிக்கைக்குப் பின்னால், மங்கலாக, செடியும் பூவும் இருக்கின்றன.

அந்தப் பூவைப் போய் ஒரு முறை கிட்டத்தில் பாருங்கள். சுண்டுவிரல் நகத்தளவுகூட இராது. ஐந்து வெள்ளை இதழ், பூ விரிந்ததும் பின்பக்கமாக மடங்கிக்கொள்ளும். நடுவில் மஞ்சளாக மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கத்தரி, தக்காளி, சுண்டைக்காய் எல்லாவற்றின் பூவும் இதே அமைப்புதான், ஒரே குடும்பம். இனி பழக்குலைக்கு வாருங்கள். குலையின் காம்பு இலைக்கக்கத்திலிருந்து வராது. இரண்டு இலைகளுக்கு நடுவே, வெறும் தண்டிலிருந்து புறப்படும். நுனியில் நாலைந்து பழம் ஒரே இடத்திலிருந்து பிரிந்து தொங்கும். ஒவ்வொரு பழத்தின் தலையிலும் சின்னஞ்சிறு பச்சைப் புல்லிவட்டம், அதாவது காம்பு சேரும் இடத்தில் உள்ள இதழ் வட்டம். நன்றாகப் பழுத்தபோது அது பின்னால் மடங்கியிருக்கும், தொட்டாலே பழம் உதிர்ந்து கையில் வந்துவிடும். நசுக்கினால் கருஊதாச் சாறு, அதில் தட்டையான பொடி விதைகள் ஏராளம். தண்டில் முள் கிடையாது. இத்தனையும் ஒத்துப்போனால் அது மணத்தக்காளி. நம் ஊரில் மிளகுத் தக்காளி என்றும் சொல்வார்கள். சில இடங்களில் இதே செடி ஆரஞ்சுச் சிவப்பாகப் பழுக்கும். அது கூடப்பிறந்த வேறு இனம், அதையும் நம்மவர்கள் சாப்பிடுகிறார்கள்.

ஆப் சொன்ன செடி வேறு. அதன் பெயர் அட்ரோபா பெல்லடோனா. ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா அதன் ஊர். அதன் நெருங்கிய சொந்தம் ஒன்று காஷ்மீர் போன்ற இமயமலைக் குளிர்ப் பகுதிகளில் வளர்கிறது. கொங்குச் சமவெளியின் வெயிலில், கிணற்றடியில், தானாக முளைத்து வருகிற செடி அது அல்ல. கண் மருத்துவர் கண்பாப்பாவை விரியவைக்க விடும் சொட்டு மருந்தில் ஒன்று அட்ரோபின்; அது இந்தச் செடிக் கூட்டத்தின் சரக்கு. ஆகவே விஷம் என்பதில் ஆப் பொய் சொல்லவில்லை, செடியைத்தான் தவறவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'நைட்ஷேட்' என்ற பெயர் ஒட்டியிருப்பதால் இணையத்தில் இந்தக் குழப்பம் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. பெல்லடோனாவில் பழம் குலையாக வராது, தனித்தனியாக வரும். அளவு செர்ரிப் பழம் போல, ஒரு சென்டிமீட்டருக்கு மேல். பழத்துக்கு அடியில் ஐந்து அகன்ற பச்சை இதழ்கள் நட்சத்திரமாக விரிந்து, பழத்தையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். பூ வெள்ளை இல்லை, அழுக்கு ஊதாவும் பழுப்பும் கலந்த மணி. அந்த ஆப்பிடம் நீங்கள் காட்டியது பழத்தை மட்டும். அதுவும் தனக்குத் தெரிந்த கறுப்புப் பழங்களில் ஒன்றை எடுத்து நீட்டிவிட்டது. ஆப்பை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பெயரைத் துப்புக் கொடுக்க அது உதவும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பூ, இலை, காம்பு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நம் வேலை. வாயில் போடலாமா என்ற கேள்வியை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

அத்தை வென்றுவிட்டார் என்று இந்தப் பகுதியை முடித்துவிட முடியாது. மணத்தக்காளியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பச்சைக் காயில் சோலனின் வகை நஞ்சு அதிகம். பழுக்கப் பழுக்கக் குறையும். முளைவிட்டுப் பச்சைப் பூத்த உருளைக்கிழங்கை ஒதுக்கச் சொல்வதும் இதே பொருளுக்காகத்தான். அப்படியானால் வத்தல்? வத்தல் போடுவது முற்றிய பச்சைக் காயைத்தானே என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். காயை லேசாகத் தட்டி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், இரவில் மீண்டும் மோர் என்று சில நாள் செய்து, சருகாகக் காய்ந்த பிறகு எண்ணெயில் பொரித்துக் குழம்பில் ஒரு கை போடுகிறோம். அந்த அளவில், அந்த முறையில், நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருவதைக் கெடுதல் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் மணத்தக்காளி வத்தக்குழம்பு பிடிக்கும். ஆனால் உங்கள் பையன் செடியில் தொங்கும் பச்சைக் காயைக் கைநிறையப் பறித்துத் தின்பது அதே கணக்கில் வராது. வயிற்றுவலி, வாந்தி, பேதி, தலைவலி வரலாம், அதுவும் உடனே வராமல் சில மணி நேரம் கழித்து வரலாம். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது, 'கறுப்பு மட்டும், அதுவும் பாட்டி பறித்துக் கொடுத்தால் மட்டும்.'

'வேகவைத்துவிட்டால் விஷம் போய்விடும்' என்று அத்தையோ பக்கத்து வீட்டிலோ சொன்னால் தலையாட்டாதீர்கள். சோலனின் கொதிக்கிற தண்ணீருக்கு அசைந்து கொடுக்காது. கசப்பு வழக்கத்தை மீறி இருந்தால், தொண்டையில் எரிச்சல் தட்டினால், அந்தச் செடியின் காயைக் கீழே கொட்டிவிடுங்கள்.

கீரைக்கும் ஒரு வார்த்தை. மணத்தக்காளிக் கீரை பறிக்கும்போது பூவோ காயோ வந்துவிட்ட செடியிலிருந்து மட்டும் பறியுங்கள். கிணற்றடி, குப்பைமேடு என்று மணத்தக்காளி வரும் இடங்களிலெல்லாம் ஊமத்தையும் வரும். வளர்ந்த ஊமத்தையை யாரும் தவறவிட மாட்டார்கள்: நீண்ட குழல் பூ, முள் உருண்டைக் காய். சாணளவு நாற்றாக இருக்கும்போது கீரைக்கட்டுக்குள் இரண்டு இலை சேர்ந்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம், விளைவும் சின்னதாக இராது.

இப்போது வேலிக்கு வருவோம். இங்கே அத்தை தோற்கிறார்.

நீங்கள் அனுப்பிய படங்களில், பழத்தை மட்டும் வைத்து ஓரளவு துணிந்து பேசக்கூடியது இந்தச் சிவப்புப் பழம்தான், காரணம் அந்த வெள்ளைக் கோடு. கோவைக்காயிலும் வெள்ளைக் கோடு உண்டு, சந்தையில் வாங்குகிற காயைப் பாருங்கள். ஆனால் அது பச்சையாக இருக்கும்வரைதான். கோவை பழுத்தால் கோடு மறைந்து முழுப் பழமும் ஒரே சிவப்பாகிவிடும். பழுத்துச் சிவந்த பிறகும் வெள்ளைக் கீற்று அப்படியே நிற்கிறது என்றால் அது ஐவிரலிக் கோவை. வடிவமும் வேறு. கோவை விரல்போல நீண்டிருக்கும், இது கோலிக்குண்டு உருண்டை. கோவை இலை ஐந்து மூலையுள்ளது, ஆழமாகப் பிளவுபடாது. இதன் இலையோ உள்ளங்கையிலிருந்து ஐந்து விரல் விரிந்தாற்போல ஆழமாகப் பிளந்திருக்கும். கோவைப் பூ பெரிது, தூய வெள்ளை. இதன் பூ சிறிது, வெளிர் மஞ்சள். கொடி பற்றிக்கொள்ள நீட்டும் சுருள்கம்பியையும் பாருங்கள்: கோவைக்கு ஒற்றை, இதற்கு நுனியில் இரண்டாகப் பிரியும். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு பழத்தைப் பிளந்து (பிறகு கையைக் கழுவிவிட்டு) விதையைப் பார்த்துவிடுங்கள். விதையைச் சுற்றி ஒரு வளையம் ஓடி, ஆவுடையில் நிற்கும் லிங்கம்போலத் தோன்றும். வடநாட்டில் சிவலிங்கி விதை என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பது இதைத்தான்.

மருந்துக் கடையில் விற்கிறார்களே என்று உடனே ஆரம்பித்துவிட வேண்டாம். பூசணிக் குடும்பத்தில் கசக்கும் பழம் எதுவானாலும் அதில் குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். நாம் வீட்டில் சமைக்கும் சுரைக்காயே சில சமயம் கசந்துவிடும். கசந்த சுரைக்காய்ச் சாற்றை 'உடம்புக்கு நல்லது' என்று குடித்து உயிர் விட்டவர்கள் இந்த நாட்டில் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு போட்டு ஆராய்ந்து, கசந்தால் ஒரு வாய்கூட விழுங்காதீர்கள் என்று எச்சரித்தது. பாகல் மட்டும்தான் நாம் தெரிந்தே கசப்புக்காகச் சாப்பிடுவது. ஆகவே வேலியிலிருக்கும் ஐவிரலியைச் சமைக்க வேண்டாம். கொடியை வேரோடு எடுத்துவிடுங்கள். பழம் பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், பையன் இருக்கிற வீடு.

அந்தக் கிளுவை வேலியை ஒரு நடை முழுக்கச் சுற்றிப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வேலிகளில் எது எது ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. காய்ந்த நெற்றுகள் வெடித்து, அதில் சிவப்பு விதையும் ஒரு முனையில் கறுப்புக் கண்ணும் தெரிந்தால் குன்றிமணி. அதன் ஓடு கெட்டி; முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். கடித்து மென்றால் உள்ளே இருக்கிற அப்ரின் என்ற நஞ்சு வேலையைக் காட்டும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. பொன் நிறுக்க ஒரு காலத்தில் இதைத்தான் பயன்படுத்தினார்கள், பல்லாங்குழிக்கும் பிள்ளைகள் எடுப்பார்கள், அதனாலேயே இதை யாரும் பயந்து பார்ப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் இந்த விதை விளையாட்டுச் சாமான் ஆகக்கூடாது. அதேபோல வேலிக்கென்று நட்ட காட்டாமணக்கு. அதன் விதை வாயில் கசக்காது, கடலைபோல இருக்கும்; பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகத் தின்றுவிட்டு வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி நம் நாட்டில் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். 'கசக்கவில்லை, அதனால் விஷமில்லை' என்ற கணக்கு காட்டாமணக்கிடம் செல்லாது.

வாசலில் மஞ்சள் மணியாகத் தொங்குவது துராந்தா. தட்டுப் படத்தில் இரண்டு பழம் காம்போடு வந்திருந்ததால் பிழைத்தேன். பழத்தைப் புல்லிவட்டம் முழுசாக மூடிக்கொண்டு நுனியில் ஒரு சின்ன மூக்காகக் கூம்பும், அது இதற்கே உரிய அடையாளம். ஊதா நிறப் பூக்கள் சரம் சரமாகத் தொங்கும், இரண்டு இதழ்களில் மட்டும் கருஊதாக் கோடு இருக்கும் என்றால் உறுதி. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. பூங்காவிலும் நெடுஞ்சாலை நடுவிலும் மஞ்சள் இலையோடு கத்தரித்து வைத்திருப்பது இதன் ஒரு வகைதான். இலையிலும் பழத்திலும் சப்போனின்கள் என்ற நஞ்சுப் பொருள்கள் உண்டு, பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுக் கடுப்பு, தூக்கக் கலக்கம், காய்ச்சல், அளவு மீறினால் வலிப்புவரை போகலாம். உங்கள் மகன் துப்பியது நல்லதாயிற்று.

இதை வெட்டச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. வண்ணத்துப்பூச்சி மொய்க்கிற செடி, தேன்சிட்டும் வரும். ஆனாலும் வாசலோரம் என்பதாலும் பழம் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதாலும் வெட்டிவிடுங்கள் என்றே சொல்கிறேன். முடியாது, அழகாக இருக்கிறது என்றால் பூத்து முடிந்ததும் ஒவ்வொரு முறையும் கொத்தைக் கத்தரித்துவிட வேண்டும், ஒரு மணிகூடப் பழுக்க விடக்கூடாது. அந்த ஒழுங்கு எத்தனை மாதம் நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

காகிதக் கூட்டுக்குள் இருப்பது சொடக்குத் தக்காளி. பையன் கூட்டை நெற்றியில் அடித்து 'டப்' என்று வெடிக்கவைத்துக்கொள்ளட்டும். கூடு வைக்கோல் நிறமாகி, பழம் மஞ்சளாகித் தரையில் விழுந்த பிறகு சாப்பிடலாம். பச்சையாக இருக்கும்போது வேண்டாம், மணத்தக்காளிக்குச் சொன்ன அதே காரணம்.

குருவி தின்கிறதே என்ற கேள்வி எனக்கு வருகிற கடிதங்களில் பாதியில் இருக்கும். கோயில் நந்தவனத்தில் மஞ்சள் அரளி இருந்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், குயில் வந்து அதன் சதையைக் கொத்தித் தின்னும். அதே அரளிக் காயின் கொட்டை மனித இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது; யாழ்ப்பாணத்து மருத்துவமனைகள் 1980-களிலிருந்து இதனால் படும் பாட்டை மருத்துவ உலகம் அறியும். பறவை பழத்தை மெல்லுவதில்லை. சதையை எடுத்துக்கொண்டு விதையை முழுசாக எச்சத்தில் விட்டுவிடுகிறது. செடிக்கும் அதுதான் வேண்டும், விதை பரவுகிறது. பறவையின் வயிறும் நம் வயிறும் ஒன்றில்லை. ஆடு மேய்வதையும் அப்படியே கணக்கில் சேர்க்காதீர்கள். சில இலைகளை ஆடு தின்றுவிட்டு நிற்கும், மாடு தின்றால் படுத்துவிடும்.

பால் வடிந்தால் விஷம் என்பதும் பாதி உண்மைதான். அரளிக்குப் பால் உண்டு, எருக்குக்கும் உண்டு. களாக்காய்க்கும் அத்திக்கும் சப்போட்டாவுக்கும் கூடத்தான் உண்டு. தெரியாத செடியில் பால் கண்டால் ஒதுங்குவது நல்ல பழக்கம். பால் இல்லை என்பதற்காக நெருங்குவது நல்ல பழக்கம் இல்லை, ஊமத்தையில் சொட்டுப் பால் கிடையாது. உண்ணிப் பழத்துக்கும் இங்கேயே ஒரு வரி: கிராமத்துப் பிள்ளைகள் கறுப்பாகப் பழுத்ததைத் தின்று வளர்ந்தவர்கள்தான், ஆனால் அதன் பச்சைக் காய் பிள்ளைகளுக்கு ஆகாது, இலை மாட்டின் ஈரலைக் கெடுக்கும். எது பழம், எது இன்னும் காய் என்று பிரித்துப் பார்க்க ஐந்து வயதில் பொறுமை இருக்காது. அவன் ஒரு கொத்தாக வாயில் போட்டுக்கொள்வான்.

இனி, என்றாவது அவன் தெரியாத ஒன்றை விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்பதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். வாயில் மிச்சம் இருப்பதை விரலால் வழித்தெடுத்து, வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்புக் கரைசல், புளிக் கரைசல், சோப்புத் தண்ணீர், தொண்டையில் விரல் விடுவது, நம் ஊரில் உடனே தோன்றுகிற இந்த வைத்தியமெல்லாம் பழத்தை விட அதிகம் கெடுதல் செய்யும். வாந்தி மூச்சுக்குழாயில் ஏறும், உப்புத் தண்ணீர் சின்னப் பிள்ளையின் ரத்தத்தில் உப்பை ஏற்றி வலிப்பு கொண்டுவரும். எத்தனை மணிக்கு, எத்தனை பழம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செடியில் பூவும் காயும் இலையும் உள்ள ஒரு கிளையை ஒடித்து ஒரு பையில் போட்டு, பையனோடு அதையும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டாக்டருக்கு அந்தக் கிளை உங்கள் விவரிப்பை விட ஆயிரம் மடங்கு உதவும். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117, எந்நேரமும் பேசலாம். பிள்ளை மயங்கினால், வலிப்பு வந்தால், மூச்சு திணறினால் எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். இன்னொன்று, 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்' என்று பார்த்துக்கொண்டிருப்பது. குன்றிமணி போன்றவை காட்டுவதற்கு மணிக்கணக்கு, சில சமயம் ஒரு நாள் கடக்கும். நன்றாக இருக்கும்போதே போய்விடுவதுதான் சரி.

தோட்டம் உங்களுடையது, எல்லாவற்றையும் பிடுங்கி சிமெண்ட் போட வேண்டியதில்லை. மணத்தக்காளி இருக்கட்டும். சாக்கடைத் தண்ணீர் ஓடும் பக்கம் முளைத்ததையும், பக்கத்து வயலில் களைக்கொல்லி அடிக்கும் ஓரத்தில் உள்ளதையும் மட்டும் சாப்பிடாமல் விடுங்கள்.

கடைசியாகத் தட்டின் மூலையில் கிடக்கும் அந்தப் பொடி சிவப்புப் பழம். அதைச் சொல்ல மறுக்கிறேன். காம்பும் இல்லை, இலையும் இல்லை. முசுமுசுக்கையாக இருக்கலாம், இலையைத் தடவினால் உப்புக்காகிதம்போலச் சொரசொரக்கும், சுருள்கம்பி இருக்கும், பழம் தண்டோடு ஒட்டினாற்போல இருக்கும். தூதுவளையாக இருக்கலாம், அப்படியானால் தண்டிலும் இலையின் அடிநரம்பிலும்கூடக் கொக்கி முள் கையைக் கிழிக்கும், பூ ஊதா. இந்த இரண்டும் வேலியில் இருந்தால் உங்களுக்கு யோகம், இருமலுக்குக் கடைக்குப் போக வேண்டாம் என்பார் அத்தை. இரண்டும் இல்லாத மூன்றாவதாகவும் இருக்கலாம், சிவப்பாகப் பொடியாகப் பழுக்கும் அழகுச்செடிகள் நர்சரிகளிலிருந்து இப்போது ஊரெல்லாம் பரவியிருக்கின்றன.

மறுபடி படம் எடுக்கும்போது பறிக்காமல் எடுங்கள். முதலில் செடி முழுவதும், எதன் மேல் ஏறியிருக்கிறது என்று தெரியும்படி. பிறகு இலை தண்டில் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது, எதிரெதிராகவா மாறி மாறியா. இலையின் அடிப்பக்கம். பூ, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும். பழம் காம்போடு, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தோடு. ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டி உள்ளே விதை தெரியும்படி ஒன்று. போனில் படம் கலங்கினால் கையை அசைக்காமல் இன்னொன்று எடுங்கள், அழகு வேண்டாம், தெளிவு போதும். அதற்கும் பிடிபடவில்லை என்றால் கோயம்புத்தூர்தான் உங்களுக்குப் பக்கம்: லாலி ரோடு வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. 1853-ல் தொடங்கிய மதராஸ் ஹெர்பேரியத்தின் உலர்செடித் தொகுப்பு அங்கேதான் உள்ளது. பூவும் காயும் உள்ள ஒரு கிளையை நியூஸ்பேப்பர் மடிப்புக்குள் விரித்து வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, தாளைத் தினமும் மாற்றிக் காயவைத்து எடுத்துப் போங்கள். கையில் அழுத்திய கசங்கல் செடியை விட அதைப் பார்த்து எளிதாகச் சொல்வார்கள்.

படங்கள் வந்ததும் எழுதுகிறேன். அதுவரை அந்தச் சிவப்புப் பழத்தை அத்தையும் பறிக்க வேண்டாம், பையனும் பறிக்க வேண்டாம்.